மூன்று மணிக்கு இளைக்கும் அறை

லாப்டாப் இல்லாமலே லாப்டாப் திருத்த வந்து நின்ற முதல் ஆள் தனுஷிகாதான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கிருஷாந்தியின் கடை. அன்று புதன்கிழமை. விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்த பெண்ணின் கையில் ஒரு பைகூட இல்லை.

"மெஷின் எங்க?" என்றாள் கிருஷாந்தி.

"வீட்டுல இருக்குக்கா."

"அங்க இருக்கிறத இங்க இருந்து எப்புடிப் பாக்குறது? நான் என்ன மை போட்டா பாக்குறேன்?"

தனுஷிகா சிரிக்கவில்லை. மேசையில் பிரித்துக் கிடந்த ஒரு லாப்டாப்பின் சின்ன மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மூடி வச்சிருக்கிற லாப்டாப் மூச்சு விடுமா?"

அப்போதுதான் கிருஷாந்திக்கு அந்த முகம் நினைவுக்கு வந்தது. றொசல்லவுக்குப் பக்கத்துத் தோட்டம். போன வருடம் இந்தப் பெண்ணின் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, இவளையும் கூட்டிக்கொண்டு வந்தவர் இவளுடைய அப்பா வீரய்யா. தோட்டத்துத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்கு முன் நெஞ்சு இளைக்கும். விசில் அடித்தாற்போல ஒரு சத்தம், அதன் பின்னால் இரண்டு சின்ன இருமல். சட்டைப் பையில் எப்போதும் தைல டப்பா. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தீர்ந்துபோனால் பஸ்ஸில் வைத்தே உயிர் போய்விடும் என்ற பயம்.

லாப்டாப்பை அவர் கைக்குழந்தையைப் போலக் கறுப்புக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். "பனி ஏறிடும்ல புள்ள" என்றார். வீட்டிலும் அப்படித்தானாம். மகள் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடியில் கம்பளி விரித்து, ஓரங்களையும் சொருகிவிடுவாராம். சூடு தாங்காமல் அது அரை மணிக்கு ஒரு தரம் தானாக அணைந்துபோய்க்கொண்டிருந்தது.

கிருஷாந்தி அடி மூடியைக் கழற்றிக் காட்டினாள். "இங்க பாருங்கய்யா. அடியில இருக்கிற இந்த ஓட்டைங்க வழியா குளிர்ந்த காத்த உறிஞ்சும். இந்தச் செம்புக் குழாய் உள்ள இருக்கிற சூட்ட அள்ளிக்கிட்டு இந்த ஓரத்துக்கு வரும். விசிறி அதுமேல ஊதி, பின்னால இந்த இடுக்கு வழியா சூட்ட வெளிய தள்ளும். வர ஒரு வழி, போக ஒரு வழி. நீங்க ரெண்டையும் பொத்திட்டீங்க."

விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஏதோ படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்தாள். பழுப்பு நிறத்தில், விரல் நீளத்தில், கம்பளித் துண்டு போல முழுசாக உரிந்து வந்தது. தேயிலைப் பஞ்சு. அவருடைய சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு வந்தது. வீரய்யா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என் நெஞ்சுக்குள்ளயும் இதான் புள்ள இருக்கும்."

கிருஷாந்தி வேறு பேச்சுக்குத் தாவினாள். "பின்பக்கம் ரெண்டு ரப்பர் காலும் தேஞ்சு விழுந்திருச்சு. அதான் மேசையோட ஒட்டிக்குது. ரெண்டு மூலையிலயும் எதையாச்சும் முட்டுக்குடுத்துத் தூக்கி வைங்க, அடியில காத்து போகட்டும். உங்க தைல டப்பா உசரம் இருந்தாலே போதும்."

"அப்ப என் டப்பாவ அதுக்குக் குடுத்துட்டு நான் எங்க போறது?" என்று சிரித்தார். சிரிப்பு இளைப்பில் போய் முடிந்தது. "சரி புள்ள. அது பொழைச்சா போதும். இவ படிப்பு பூரா அதுலதானே கெடக்கு."

இதெல்லாம் போன வருடத்துக் கதை.

"அப்பா எப்புடி இருக்காரு?" என்று கேட்டாள் கிருஷாந்தி.

"செத்துப்போயிட்டாருக்கா. நாலு மாசமாச்சு."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவிட்ட நட்சத்திரத்தில் உயிர் பிரிந்ததால் ஆறு மாதம் அந்த அறையை அடைத்து வைக்க வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். அதற்குள் கதவைத் திறந்தால், போனவர் வீட்டிலிருந்து இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வார். லயம் என்னும் வரிசை வீடுகளில் கடைசி வீட்டை ஒட்டி வீரய்யா தானே செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அறை அது. அவர் உடலை வாசல் வழியாகக் கொண்டுபோகாமல், பக்கச் சுவரை உடைத்து வெளியே எடுத்தார்கள். பிறகு அதே செங்கற்களை அடுக்கி மண் பூசினார்கள். அறைக்குள் ஆறு மாதமும் விளக்கு எரிய வேண்டும். உள்ளே போய் எண்ணெய் ஊற்ற முடியாது என்பதால் பல்பைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார்கள்.

"அதோட சேந்து என் லாப்டாப்பும் உள்ள மாட்டிக்கிச்சுக்கா. சார்ஜருல இருந்துச்சு. அந்தக் களேபரத்துல எடுக்கணும்னு தோணல."

அவளுடைய பட்டப்படிப்பின் கடைசி ஆய்வறிக்கை அதற்குள்தான் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடுவது ஏன் என்று நாற்பது வீடு ஏறி இறங்கி எழுதியது. தோட்டத்தில் சிக்னல் கிடையாது. வேறெங்கும் பிரதி இல்லை. பென் டிரைவும் அதிலேயே சொருகியபடி இருந்தது. அப்பா இறந்ததைச் சொல்லி இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் நான்கு வருடப் படிப்பு அதோடு சரி.

"அம்மா தொறக்கவே விடமாட்டேங்குறாங்க. ஏன்னா..." தனுஷிகா குரலைத் தாழ்த்தினாள். "தெனம் பகல் மூணு மணிக்கு உள்ள அப்பாவுக்கு இளைக்குதுக்கா. அதே விசில். அப்புறம் ரெண்டு இருமல்."

 கிருஷாந்தியும் பூண்டுலோயா பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அடைத்த அறை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தொழில் பழக்கத்தில் வாய் கேட்டது.

"மூணு மணிக்கு அதுல ஏதாச்சும் வேலை வச்சிருந்தியா?"

தனுஷிகா யோசித்தாள். "வைரஸ் இருக்கான்னு தானா எழும்பிப் பாக்குற மாதிரி வச்சிருந்தேன்."

"அப்ப அதான். பஞ்சு திரும்ப சேந்திருக்கும். விசிறி சுத்த முடியாம திணறுது." இதைச் சொன்னதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எங்க வச்சிருந்த? மேசையிலயா?"

"கட்டில்ல. அப்பா கம்பிளிய நல்லாச் சுத்திப் போர்த்திவிட்டேன். அவரு அப்புடித்தானே செய்வாரு. கடைசியா ஒரு தரம் நான் செஞ்சேன்."

மெத்தை, கம்பளி, தகரக் கூரை, பூட்டிய கதவு, ஓயாத மின்சாரம். நான்கு மாதம். அது எப்போதோ பற்றியிருக்க வேண்டும். லயத்தில் ஒரு வீடு பற்றினால் வரிசையில் இருக்கும் பன்னிரண்டும் சேர்ந்து போகும்.

"நாளைக்கு நான் வர்றேன்" என்றாள் கிருஷாந்தி. "மூணு மணிக்கு முந்தி."

*

றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது மணி இரண்டு. பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி, முன்னால் நடந்த தனுஷிகாவின் குடை மட்டும் தனியாக மிதந்து போவது போல் இருந்தது.

வீட்டின் முன் திண்ணையான இஸ்தோப்பில் வீரய்யாவின் தம்பி சின்னராசா உட்கார்ந்திருந்தான். பூட்டின் சாவி அவன் இடுப்புக் கயிற்றில் தொங்கியது.

"இதான் மெஷினுக்கு மந்திரிக்கிற பொம்பளயா?" என்றான் அண்ணன் மகளிடம்.

"ஆமாண்ணே" என்றாள் கிருஷாந்தி. "தட்சணை வேணாம். ஒரு பிளேன்டீ போதும்."

பிளேன்டீ வந்தது. கொண்டுவந்தவள் அம்மாக்கண்ணு, வீரய்யாவின் மனைவி. அரைநாள் வேலையோடு மலையிலிருந்து வந்திருந்தாள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் அவிழ்க்கப்படாமல் ஈரம் சொட்டியது. தேநீரைக் கொடுத்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"புள்ள, நீ ஹட்டன்ல நூறு மெஷின் திருத்துவ. இது மெஷின் இல்ல. இருபத்தெட்டு வருசம் பக்கத்துல படுத்தவளுக்குப் புருசன் இளைப்பு தெரியாதா?"

"நான் தெரியாதுன்னு சொல்லலம்மா."

"எனக்கு இருக்கிறது இவ ஒருத்தி. ரெண்டு மாசம் பொறுத்தா படிப்பு போகும், புள்ள இருப்பா. இன்னைக்குத் தொறந்து இவளையே அவரு கூப்பிட்டுக்கிட்டா? அதுக்கப்புறம் எந்தப் படிப்ப வச்சு நான் என்ன செய்ய?"

"நாலு வருசம்மா" என்றாள் தனுஷிகா. 

அம்மாக்கண்ணு மகளைப் பார்க்கவில்லை. பூட்டிய கதவையே பார்த்தாள். சின்னராசாவும் கையிலிருந்த வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டான். மணி மூன்று.

முதலில் ஒரு சின்ன உரசல். பிறகு மெல்ல, நீளமாக, அடைத்த தொண்டையின் இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பது போல ஒரு விசில். அது ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் சிக்கி நின்றது. பிறகு இரண்டு இருமல். மறுபடி விசில்.

பஞ்சு அடைத்த விசிறி எப்படி இரையும் என்று கிருஷாந்திக்குத் தெரியும். இது அதுதான். வீரய்யா எப்படி இளைப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். இது அதுவாகவும் இருந்தது.

அவள் எழுந்து போய்க் கதவில் கை வைத்தாள். கீழ்ப்பலகை பனி போல் குளிர்ந்தது. கையை உயர்த்தினாள். மேலே போகப் போக வெதுவெதுப்பு. மேல்நிலைக்கருகில் சூடு.

"அம்மா, உள்ள இளைக்கிறது மெஷினா, அவரான்னு உங்ககூட வாதாட நான் வரல. எதுவா இருந்தாலும் அதுக்கு மூச்சு முட்டுது. வந்து தொட்டுப் பாருங்க."

நான்கு மாதமாகத் தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டவள், ஒரு நாள்கூட அந்தக் கதவைத் தொட்டதில்லை. எட்டித் தொட்டாள். முகம் மாறிப்போயிற்று.

"காய்ச்சல் வந்தா அவருக்கு இப்புடித்தான் சுடும்" என்றாள்.

"இப்புடியே விட்டா தீப்புடிக்கும்மா. இவ பக்கத்து அறையிலதானே படுக்குறா?"

அம்மாக்கண்ணு கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டாள்.

"வாசல் வழியா வேணாம். அவரு போன வழியா போ. நீ எங்க ரத்தம் இல்ல. உன்னைய அவரு கூப்பிடமாட்டாரு."

"நிச்சயமாங்கம்மா?"

அம்மாக்கண்ணு பக்கச் சுவரைக் கை காட்டினாள்.

*

பக்கச் சுவரில் அன்று அடுக்கிய செங்கற்கள் தனியாகத் தெரிந்தன. பூசிய மண் காய்ந்து வெடித்திருந்தது. மேல் வரிசையில் ஒரு செங்கல் இல்லை. அது புல்லில் கிடந்தது.

"இது எப்ப விழுந்துச்சு?" என்றாள் கிருஷாந்தி.

"நாய் தள்ளியிருக்கும்" என்றான் சின்னராசா. செங்கல் இருந்த இடம் ஆள் உயரத்தில் இருந்தது. அதை அவனும் பார்த்தான். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

அந்த ஓட்டைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். உள்ளிருந்து சூடான காற்று விட்டு விட்டு வந்து கன்னத்தில் பட்டது. வறுத்த தேயிலைத் தூளின் வாசனை. அதோடு தைல வாசனை.

சின்னராசா செங்கற்களை எடுத்தான். ஆள் நுழையும் அளவு வந்ததும் அவள் குனிந்து உள்ளே போனாள்.

பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கட்டில் வெறுமையாக இருந்தது. அதன் கால்மாட்டில் கறுப்புக் கம்பளி, நான்காக மடித்து, மேலே கையால் தடவி விட்டாற்போல ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. லாப்டாப் கட்டிலில் இல்லை. எதிரே மேசையில் இருந்தது. அதன் பின்புறம் சுவரில் செங்கல் விழுந்த ஓட்டையைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பின்மூலைகளுக்கும் அடியில் இரண்டு தைல டப்பாக்கள்.

யாரோ அதற்குக் காற்று வர வழியும், போக வழியும் செய்து வைத்திருந்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

"தனுஷிகா." வெளியே கேட்கும்படி கூப்பிட்டாள். "லாப்டாப்ப எங்க வச்சேன்னு சொன்ன?"

"கட்டில்லக்கா" என்று சுவருக்கு வெளியிலிருந்து பதில் வந்தது. "கம்பிளிக்குள்ள. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

மூடியைத் திறந்தாள். திரை உயிரோடு இருந்தது. சூட்டைப் பார்த்தாள், தொண்ணூற்றாறு டிகிரி. இன்னும் கொஞ்சம் ஏறினால் தானாக அணைந்திருக்கும். முறைப்படி அணைத்தாள். சார்ஜரைப் பிடுங்கினாள். விசிறி இரண்டு சுற்று உரசி நின்றது. அறை அமைதியாயிற்று.

பிறகு அவளுக்குப் பின்னால், கட்டில் பக்கமிருந்து, விசில் கேட்டது.

நீளமாக ஒன்று. இரண்டு இருமல்.

அவள் திரும்பவில்லை. கையிலிருந்த லாப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெதுவெதுப்பான காற்று கழுத்தைத் தொட்டு, காதோரம் கடந்து, சுவரிலிருந்த வழியை நோக்கிப் போயிற்று. வெளியே சின்னராசா கையிலிருந்த செங்கல்லைப் போட்டுவிட்டான்.

"என்னா புள்ள, ஏதோ காத்து..."

"உள்ள இருந்த சூடுண்ணே. வெளிய வருது. அவ்வளவுதான்" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

*

இஸ்தோப்பில் பாயை விரித்து, லாப்டாப்போடு எடுத்து வந்த தைல டப்பாக்களை ஓரத்தில் வைத்துவிட்டு, அடி மூடியைக் கழற்றினாள். பழுப்புப் பஞ்சு முழுசாக உரிந்து வந்தது, போன வருடத்தை விடத் தடிமனாக. துடைத்து, மூடி, பக்கத்து அறை பிளக்கில் சொருகினாள். சத்தமே இல்லை. ஆய்வறிக்கை திறந்தது. நூற்றுப் பதினாறு பக்கமும் இருந்தது. முதல் வேலையாக அதைத் தன் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டாள். தனுஷிகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இனிமே சத்தம் வராதா?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

"வராதும்மா."

"வரவே வராதா?"

கிருஷாந்தி பாயில் கிடந்த கருவிகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அம்மாக்கண்ணுவின் கண் அப்போதுதான் பாயின் ஓரத்தில் இருந்த இரண்டு தைல டப்பாக்களில் விழுந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூடி விளிம்பில் சிவப்பு மண் ஏறியிருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"லாப்டாப்புக்கு அடியில."

"இருக்க முடியாதே." மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "ரெண்டையும் நான்தானே அவரு கையில வச்சேன். போற வழியில இளைச்சா தேய்ச்சுக்கட்டும்னு. முழு டப்பா. புதுசு."

எல்லோரும் சின்னராசாவைப் பார்த்தார்கள்.

"குழிய மூடினது நான்தான்" என்றான். "ரெண்டு கையிலயும் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அம்மாக்கண்ணு மூடியைத் திருகித் திறந்தாள். தைலம் பாதிதான் இருந்தது. நடுவில் ஒரு விரல் வழித்த தடம்.

கிருஷாந்தி அப்போது சொன்னாள். போன வருடம் கடையில் நடந்ததை, தைல டப்பா உசரம் இருந்தால் போதும் என்று தான் சொன்னதை, அது பிழைத்தால் போதும் என்று அவர் சொன்னதை. ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. கேட்டு முடிந்ததும் அம்மாக்கண்ணு டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு மாதத்தில் முதல் முறையாக அவள் தலையைத் தடவினாள்.

"அப்ப இவளக் கூப்பிட வரல" என்றாள்.

சின்னராசா மண் குழைத்துச் சுவரை மறுபடி அடைக்கப் போனபோது, இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "தம்பி, மேல அந்த ஒரு செங்கல்ல மட்டும் வைக்காத. அப்புடியே இருக்கட்டும்."

*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹட்டன் கடையிலிருந்து ஆய்வறிக்கை போயிற்று. பதினொன்றரைக்கு, கிடைத்தது என்று பதில் வந்தது. தனுஷிகா அதை மூன்று முறை வாசித்தாள். பிறகு லாப்டாப்பைப் பையில் வைத்தாள், கம்பளியில் சுற்றவில்லை. இரண்டு டப்பாக்களையும் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். அவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிற்பகலில் கிருஷாந்தி ஒரு விசிறியின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கை தானாக நின்றது. நிமிர்ந்து மணியைப் பார்த்தாள். சரியாக மூன்று. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தாள். கீழே பஸ் நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவினார்கள். மழை தகரத்தில் விழுந்தது. வேறொன்றும் இல்லை.

எழுந்து, மேசையில் திருத்தக் கிடந்த லாப்டாப்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பின்மூலைகளுக்கு முட்டுக்கொடுத்து, முகம் ஜன்னல் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள். பிறகு யோசித்து, அந்த அறையில் இருந்தபடியே முதுகு ஜன்னல் பக்கம் வரும்படி மாற்றி வைத்தாள்.